தபால் மூட்டையில் என்ன இருந்தது?

ஆழ்வார்திருநகரிக்குப் போனால் மாலை வேளையில் தாமிரபரணிக் கரையில் போய் உட்காருவது என் வழக்கம். பிறந்த ஊர் என்ற பாத்தியதை ஒருபுறம் இருக்க, அந்த நேரத்தில் அங்கே யாரும் இலக்கியம் பேச வருவதில்லை என்ற நிம்மதியும் அதற்கு ஒரு காரணம். சென்ற முறை அந்த நிம்மதிக்கும் பங்கம் வந்துவிட்டது. ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு துணிப்பை இருந்தது. நாவலாசிரியனைத் தேடி வருகிறவரின் துணிப்பையில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஐயா, ஒரு நாவல் எழுதியிருக்கேன். தமிழிலே இதுவரைக்கும் யாரும் தொடாத விஷயம். படிச்சுட்டு உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றார்.

யாரும் தொடாத விஷயம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. யாரும் தொடாமல் விட்டதற்குத் தக்க காரணம் இருந்துவிடுவது வழக்கம். ஆனால் இவர் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் கொண்டுவந்த ஒற்றை எஞ்சின் குட்டி விமானத்தைப் பற்றிய நாவல் அது. பிரதியை வாங்கிக்கொண்டு இரண்டு இரவுகள் படித்தேன். மூன்றாம் நாள் மாலை அவரிடம் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கியவற்றையும் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறேன். அவருக்கு மட்டும் ஆன பாடமாக இருந்தால் இதை அச்சில் ஏற்ற வேண்டியதில்லை. எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். தகவல்களைத் திரட்டுவதில் இளைஞர் சோம்பவில்லை. அந்த விமானத்தின் பெயர் 'பஸ் மாத்'. இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. கம்பெனியை நடத்தியவருக்குப் பூச்சிகளின் மேல் மோகம். ஆகவே தம் சின்ன விமானங்களுக்கெல்லாம் அந்துப்பூச்சிகளின் பெயரை வைத்தார்: ஜிப்ஸி மாத், டைகர் மாத், ஃபாக்ஸ் மாத், லெப்பர்ட் மாத் என்று ஒரு பரம்பரையே உண்டு. பஸ் மாத் 1929-இல் முதன்முதலாகப் பறந்தது. உருக்குக் குழாய்களால் ஆன எலும்புக்கூட்டின் மேல் துணியைப் போர்த்திச் செய்த உடம்பு. முகப்பில் ஏறக்குறைய 120 குதிரைச் சக்தியுள்ள ஒரே எஞ்சின். மேலே ஒற்றை அடுக்கு இறக்கை. வேண்டாதபோது பூச்சியைப் போலவே அதைப் பின்னால் மடக்கிக் கொட்டகையில் நிறுத்தலாம். மூடிய அறைக்குள் விமானி ஒருவரும், அவருக்குப் பின்னால் ஒருவரோ இருவரோ உட்காரலாம். மணிக்கு 100 மைல் போனால் அது நல்ல வேகம்.

அப்படிப்பட்ட விமானம் ஒன்றில், 1932 அக்டோபர் 15-ஆம் தேதி காலை, ஜே. ஆர். டி. டாடா கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து சுமார் 25 கிலோ தபாலுடன் கிளம்பினார். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரைதான் தபாலைக் கொண்டுவரும். அங்கிருந்து தெற்கே கொண்டுபோவது இவருடைய பொறுப்பு. வழியில் ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. மதியத்துக்குப் பின் பம்பாயில் ஜுஹு மைதானத்தில் இறங்கினார். வழிகாட்ட வானொலி கிடையாது. தரையிலிருந்து யாரும் எச்சரிக்க முடியாது. ரயில் பாதையையும் ஆற்றையும் கடற்கரையையும் கண்ணால் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது எல்லாரும் மூட்டை முடிச்சுடன் பூனாவுக்குக் குடிபெயர்வார்கள். இரண்டு விமானங்களையும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களையும் வைத்துத் தொடங்கிய அந்தக் காரியம் முதல் வருஷம் ஒரு நாள்கூடக் காலம் தவறவில்லை என்று அரசாங்கமே பாராட்டியது.

இவையெல்லாம் கைப்பிரதியில் இருக்கின்றன, பிழையில்லாமலும் இருக்கின்றன. எஞ்சின் கிளம்பும் ஓசைக்கு இளைஞர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கத்தியவார் கடற்கரையின் மேல் உதயமாகும் சூரியனுக்கு மூன்று பக்கம். முன்னூறாவது பக்கத்தில் விமானம் ஜுஹுவில் இறங்குகிறது. வீரர் வெளியே வந்து புன்முறுவல் செய்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. முற்றும்.

"தம்பி, நாவல் முடிந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க ஐயா."

"சென்னைக்கு வரவேண்டிய தபால் இன்னும் ஜுஹுவிலேயே கிடக்கிறதே!"

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையில் அன்று தபால் ஜுஹுவில் நின்றுவிடவில்லை. இன்னொரு பஸ் மாத் அங்கே காத்திருந்தது. நெவில் வின்சென்ட் என்ற விமானி தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். இந்தத் தபால் விமான யோசனையே முதலில் அவருடைய மூளையில் உதித்ததுதான். இங்கிலாந்தின் விமானப் படையிலிருந்து விலகி, ஊர் ஊராய்ப் போய், காசு கொடுத்தவர்களை ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். 1942-இல் யுத்தத்தின் நடுவே ஒரு ராணுவ விமானத்தில் இங்கிலாந்துக்குக் கிளம்பியவர் போய்ச் சேரவே இல்லை. தமிழ் நாட்டுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவர்தான். தமிழ் நாவலில் அவருக்கு ஒரு பாராக்கூட இல்லை.

இது இந்த இளைஞரின் குற்றம் மட்டும் அன்று. அந்த விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதிவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள். 1982-இல், ஐம்பது வருஷம் நிறைந்தபோது, 78 வயதில் டாடா அதே கராச்சி - பம்பாய் பாதையில் ஒரு லெப்பர்ட் மாத் விமானத்தை மீண்டும் ஓட்டி வந்தார். அந்த மனிதரின் பெருமையில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பெருமை வேறு, நாவல் வேறு. முதல் வருஷக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது: 1,60,000 மைல் பறந்து, பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவான தபாலையும் 155 பிரயாணிகளையும் அந்தச் சின்ன விமானங்கள் சுமந்தன. 155 பேர்! அவர்கள் யார்? துணி போர்த்திய அந்தக் கூட்டுக்குள், முன்னால் விமானியின் முதுகையும் பக்கத்தில் தபால் மூட்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார அவர்களைத் தூண்டிய அவசரம் என்ன? எந்த வியாபாரம், எந்த வழக்கு, எந்த நோயாளி? நாவலாசிரியன் கைவைக்க வேண்டிய இடம் அந்த வரிதான். நம் இளைஞர் அந்த எண்ணைத் தம் நாவலில் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறார்.

அவரைக் கண்டிக்க எனக்கு உள்ள யோக்கியதை என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கதையை எழுதியிருக்கிறேன்.

என் தாத்தா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போய்ப் பிழைப்பது அந்தக் காலத்தில் அதிசயமன்று. அவருடைய கடிதங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, ஆடி அசைந்து எங்கள் தெருவுக்கு வந்து சேரும். 1938 பிப்ரவரியில் டாடாவின் தபால் விமானப் பாதை சென்னையோடு நிற்காமல் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அந்த வருஷம் தாத்தா ஒரே ஒரு கடிதத்தை விமானத்தில் அனுப்பினார். உறையின் மேல் நீல நிறத்தில் 'விமானத் தபால்' என்று காட்டும் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அந்த உறையை ஆச்சி தன் தகரப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்திருந்தாள்.

1960-இல் எனக்குப் பத்து வயது. ஆகாய விமானப் பைத்தியம் தலைக்கு ஏறியிருந்த காலம். அந்த நீலச் சீட்டும், அதன் பக்கத்தில் இருந்த தபால் தலையும் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன். ஆச்சி கோவிலுக்குப் போயிருந்த சமயம் பெட்டியைத் திறந்து உறையை எடுத்து, ஒரு கும்பாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். சீட்டும் தலையும் அழகாகக் கழன்று வந்தன. உறைக்குள்ளே கடிதம் இருந்ததை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மெல்லிய காகிதம், பேனா மசி. தண்ணீர் நீலமாகிவிட்டது.

ஆச்சி என்னை அடிக்கவில்லை. கும்பாவைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். அவ்வளவுதான்.

பிறகு 22-வது வயதில், கதை எழுத ஆரம்பித்த புதிதில், தபால் விமானத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். எஞ்சின், மேகம், மின்னல், விமானியின் இறுகிய தாடை, எல்லாம் அதில் இருந்தன. ஒரு பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியது. பத்திரிகைக்கு ரசனை இல்லை என்று தீர்மானித்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான்லே எளுதிருக்கே. ஆனா அந்த மூட்டைக்குள்ள என்ன காயிதம் இருந்துதுன்னு எளுதலியே?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ விமரிசனம் வந்திருக்கிறது. பெரிய பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்கு நிகராக ஒன்றையும் நான் வைப்பதில்லை. அன்றைக்கே அந்தக் கதையைக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. வைகாசி மாதம் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருட வாகனத்தில் எங்கள் ஊர் வீதிக்கு எழுந்தருளுவார்கள். ஒன்பது கருடன்கள், ஒவ்வொன்றின் இறக்கையிலும் பொன் வேலை. ஆனாலும் கருடனைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர் எவரும் இல்லை. மேலே இருப்பவரைச் சேவிக்கத்தான் கூட்டம் நிற்கிறது. வாகனம் என்ற சொல்லுக்கே சுமப்பது என்றுதான் பொருள்.

தமிழில் யாரும் தொடாத விஷயம் என்று இளைஞர் சொன்னாரே, அதுவும் சரியன்று. ஒற்றைப் பொறியில் ஒரே ஒரு பிரயாணியைச் சுமந்து பறந்த விமானத்தைத் திருத்தக்க தேவர் சீவக சிந்தாமணியில் எப்போதோ எழுதிவிட்டார். ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், கர்ப்பவதியான தன் ராணி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். வலப்பக்கம் திருகினால் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். அவளுக்கு அதை ஓட்டவும் பழக்குகிறான். அமைச்சன் கட்டியங்காரன் துரோகம் செய்து அரண்மனையை வளைத்துக்கொண்டபோது, மனைவியை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போருக்குப் போகிறான்.

புலவர் நினைத்திருந்தால் அந்தப் பொறியின் அதிசயத்தைப் பாடிக்கொண்டே போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆகாயத்தில் போகிற அந்தப் பெண்ணின் காதில் எதிரியின் வெற்றி முரசு விழுகிறது. கணவன் இறந்துவிட்டான் என்று அறிகிறாள். அறிவு கலங்குகிறது, மயிற்பொறி தரைக்கு வருகிறது. அது இறங்கிய இடம் சுடுகாடு. அங்கே அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. தன் இறந்துபோன குழந்தையோடு அங்கே வந்த ஒரு வணிகன் அந்தப் பிள்ளையை எடுத்துப் போகிறான். பொறி எப்படி இறங்கியது என்பதற்கு ஓர் இயந்திரக் காரணம் இருக்கிறது. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அந்த முரசின் ஓசைதான். பறந்தது மயிலாக இருந்தாலும் நாம் அதில் ஏறிப்போனது விசயையோடு. நான் சொல்லவந்த இலக்கணம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் சும்மா இருக்கவில்லை. "ஐயா, செந்த்-எக்சுபெரியும் தபால் மூட்டையைத் திறக்கவே இல்லையே. அதை மட்டும் பெரிய நாவல் என்கிறார்களே, எப்படி?" என்றார்.

நல்ல அடி. நான் சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'குட்டி இளவரசன்' எழுதிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர் தொழிலால் தபால் விமானி. 1926-இல் பிரான்ஸின் தபால் விமானப் பாதையில் சேர்ந்து, ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் பிறகு அர்ஜென்டினாவிலும் பணியாற்றினார். அந்த அனுபவத்தில் பிறந்து 1931-இல் வெளிவந்த சின்ன நாவலின் தலைப்புக்கு 'இரவுப் பறத்தல்' என்று பொருள். படகோனியா, சிலி, பராகுவே ஆகிய மூன்று திசைகளிலிருந்து மூன்று தபால் விமானங்கள் ஒரே இரவில் புவனோஸ் அயர்ஸை நோக்கி வருகின்றன. அவை வந்து சேர்ந்ததும் ஐரோப்பியத் தபால் கிளம்ப வேண்டும். இரண்டு வருகின்றன. படகோனியா விமானத்தை ஓட்டிவந்த ஃபாபியன் புயலில் சிக்கிக்கொள்கிறான். மேகத்தைப் பிளந்துகொண்டு மேலே ஏறுகிறான், அங்கே நட்சத்திர வெளிச்சம், ஆனால் கீழே இறங்க வழியில்லை, பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கிறது. இரவுத் தபாலை நடத்தும் ரிவியேர் என்ற அதிகாரி அவனுக்காக வருந்துகிறார். ஆனாலும் ஐரோப்பியத் தபாலைக் குறித்தபடி அனுப்பிவிடுகிறார்.

ரிவியேரைக் கல்நெஞ்சர் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடமை வீரர் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. ஆசிரியர் இரண்டு கட்சிக்கும் இடங்கொடுக்கவில்லை. பாலம் கட்டும்போது அடிபட்ட ஒரு தொழிலாளியின் முகம் ரிவியேருக்கு நினைவு வருகிறது. ஒரு பாலத்துக்கு ஒரு முகம் விலையாகுமா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதோடு, ஃபாபியனின் இளம் மனைவி, வீட்டில் விளக்கும் சாப்பாடும் காத்திருக்க, அந்த அலுவலகத்துக்கே வந்து நிற்கிறாள். அங்கே இருந்த ஃபைல்களுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே அவள் வந்து நின்றதும், அதுவரை விமானக் கதையாக இருந்தது மனிதக் கதையாகிவிடுகிறது.

ஆகவே இளைஞர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. செந்த்-எக்சுபெரி மூட்டையைத் திறக்கவில்லை. ஆனால் மூட்டையின் விலை என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி நம் விமானத்தின் கதையிலும் இருக்கிறது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் பல பஸ் மாத் விமானங்கள் நடு ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து விழுந்தன. காரணத்தை ஆராய்ந்து, இறக்கையைத் தாங்கும் கம்பிக்கு ஒரு சிறு முட்டுக் கொடுத்துத்தான் குறையைத் தீர்த்தார்கள். பஸ் மாத்தின் இறக்கையைப் பற்றி உலகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கராச்சியிலிருந்து சென்னைக்கு அது தபால் சுமந்தது. நம் இளைஞரின் முன்னூறு பக்கத்தில் இந்தச் செய்தி இல்லை. வீரத்தைப் பாட வந்தவர் அந்த வீரத்துக்கு உள்ள ஆபத்தையே விட்டுவிட்டார். ஆபத்து இல்லாத வீரம் வெறும் அலங்காரம்.

இருந்தாலும் அந்தப் பிரெஞ்சு நாவலிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காத்திருக்கும் மனைவி விமானியின் மனைவிதான். கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் எங்கே? பாதையின் ஒரு முனையைத்தான் அவர் காட்டினார். மறு முனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த நீலச் சீட்டு ஒட்டிய உறை, திருச்சியில் விமானத்திலிருந்து இறங்கி, ரயிலேறித் திருநெல்வேலிக்கு வந்து, திருச்செந்தூர் வண்டியில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. சாதாரணக் கடிதம் என்றால் தபால்காரர் திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். இதை அவர் போடவில்லை. தந்தி வந்தால் சாவு என்று எண்ணிய காலம் அது. விமானத்தில் வந்தால் அதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "பெரியவர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். பெரியவர், அதாவது ஆச்சியின் மாமனார், வயலுக்குப் போயிருந்தார். தபால்காரரின் முகத்தைப் பார்த்த மாமியார் அழ ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். இருபது வயது ஆச்சி உள்கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனார் வந்து கைகால் கழுவிக் கடிதத்தைப் பிரிக்க ஒரு மணி நேரமாயிற்று. "அந்த ஒரு மணி நேரம் நான் தாலியறுத்துட்டுத்தான்லே இருந்தேன்" என்பாள் ஆச்சி.

கடிதத்தில் ஒன்றுமே இல்லை. ரத்மலானையில் தபால் விமானம் இறங்குவதைப் பார்க்கப் போனாராம். மிகவும் சின்ன விமானமாம். அதில் போடும் கடிதம் எத்தனை நாளில் வந்து சேருகிறது என்று அறிய ஆவலாம். சேர்ந்த தேதியைத் தெரிவிக்கவும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இப்படி அணாக்களை வீணாக்கும் பிள்ளையை மாமனார் அன்று முழுவதும் வைதுகொண்டிருந்தாராம்.

ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்தக் காலத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளை அப்பாவுக்குத்தான் கடிதம் எழுதுவான்; பெண்டாட்டியின் பெயரைக் கடிதத்தில் எடுப்பது மரியாதையில்லை. தாத்தா எழுதியிருந்தார்: விமானம் கருடன் மாதிரி இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாளே, அப்படி இல்லை, நம் வீட்டுக் கொல்லையில் வரும் தட்டான் மாதிரி இருக்கிறது என்று அவளிடம் சொல்லவும்.

அத்தனை வருஷக் கடிதங்களில் ஆச்சியைப் பற்றி இருந்த ஒரே வரி அதுதான். நான் கும்பாவில் கரைத்தது அதைத்தான். அவளுக்கு அது மனப்பாடமாக இருந்ததால் எனக்கும் தெரிந்தது. தபால் தலையும் நீலச் சீட்டும் இன்றைக்கும் என் பழைய நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தக் கடிதத்தைச் சுமந்து வந்த விமானியை நான் பிறகு அடிக்கடி நினைத்ததுண்டு. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலைத் தாண்டும்போது எஞ்சின் ஒரு தடவை இருமியிருந்தால்கூட அவருக்கு உயிர் போயிருக்கும். ஒரு தட்டானுக்காகவா அவர் போயிருப்பார்? ஆம், அதற்காகத்தான். தான் எதைச் சுமக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. யாருடைய உயிர் தன்னிடம் பணயமாக இருந்தது என்று ஆச்சிக்கும் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்க்காத இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் தபால் விமானத்தின் நாவல் இருக்கிறது. விமானியின் பக்கம் மட்டும் நின்றால் வீர சரித்திரம் கிடைக்கும். வீட்டுப் பக்கம் மட்டும் நின்றால் குடும்பக் கதை கிடைக்கும். இரண்டு முனையையும் ஒரே நூலில் கட்டத் தெரிந்தவன் இனிமேல்தான் தமிழில் எழுத வேண்டும். எனக்கு முடியவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை.

இருட்டிவிட்டது. இளைஞர் கைப்பிரதியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் வாடியிருந்ததா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"அப்போ, கராச்சியிலே தொடங்கினது தப்புங்களா, ஐயா?"

"தப்பில்லை, தம்பி. கராச்சியிலேயே தொடங்குங்கள். ஆனால் தபால்காரர் நம் தெருவுக்குள் நுழையும்வரை முற்றும் போட்டுவிடாதீர்கள்."